ஏல வண்டியில் எண்ணெய் ஒழுகுகிறதா?

‘‘ராணுவ ஏலத்தில் வந்து கைமாறிய பழைய ஜோங்கா வண்டி எங்களிடம் இருக்கிறது. பலாப்பழம், காய்கறி ஏற்றி மலையிலிருந்து ஜோலார்பேட்டைக்கு இறக்குகிறோம். நிறுத்தும் இடமெல்லாம் எண்ணெய் சொட்டுகிறது. ‘இன்ஜினை இறக்கி எல்லா சீலையும் மாற்ற வேண்டும்’ என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?’’
- ஒரு வாசகர், ஏலகிரி மலை.

இன்ஜினை இறக்குவதற்கு முன், சொட்டுவது எந்த எண்ணெய், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பல வண்டிகளில் செலவு அதற்குள்ளேயே பாதியாகக் குறைந்துவிடும்.

ஜோங்கா, ஜப்பானின் நிஸான் பேட்ரோல் வண்டியை அடிப்படையாகக் கொண்டது. ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் 1969-ல் தொடங்கி 1999 வரை தயாரானது. கடைசியாக வந்த வண்டிக்கே கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நீண்ட நாள் ஓடாமல் நின்ற வண்டியில் ஆயில் சீல் காய்ந்து விறைத்துவிடும். அடி பம்பின் தோல் வாஷர் கோடையில் காய்ந்துபோனால் தண்ணீர் ஏறாது அல்லவா, அதுபோலத்தான். 1940-களின் ஜீப் காலத்தில் ஆயில் சீல்களும் பரவலாகத் தோலில்தான் செய்யப்பட்டன. பிறகு ரப்பர் வந்தது. ஆனால், காய்ந்தால் விறைப்பது இரண்டுக்கும் பொது.

முதலில் கறையைப் பாருங்கள்

இரவில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடியில் முழு நீளத்துக்கும் பழைய செய்தித்தாளை விரித்து, பறக்காமல் கல் வையுங்கள். சக்கரம் நிற்கும் இடங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கறை கறுப்பாகவோ காப்பி நிறத்திலோ இருந்தால் இன்ஜின் ஆயில். தடித்து, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். நீர்த்து, இளமஞ்சளாக, சக்கரத்தின் உள்பக்கத்திலோ பெடலுக்குக் கீழேயோ இருந்தால் பிரேக் ஆயில். பிரேக் ஆயில் பழசானால் நிறம் மாறும். அதனால் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் அளவு குறைகிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் ஆயில் கசிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. ஏலகிரிச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு இறங்கும்போது பெடல் பள்ளமாகப் போனால் தப்பிக்க இடமில்லை. சக்கர டிரம்முக்குள் கியர் ஆயில் வடிந்தாலும் இதே ஆபத்துதான். எண்ணெய் குடித்த லைனர் பிடிக்காது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்த லைனரைத் துடைத்து மாட்டுவதில் பயனில்லை. சீலை மாற்றிவிட்டு, லைனரை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். கைச்செலவுக்கு உள்ள பணம் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

மேலே வால்வு மூடியில் கசியும் எண்ணெய், இன்ஜினின் பின்பக்கமாக வடிந்து கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டும். பார்ப்பவர்கள் பின் சீல் போய்விட்டது என்று நினைப்பார்கள். இன்ஜினை இறக்கச் சொல்வது இதனால்தான். இன்ஜின் நன்றாக ஆறியபின், டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து உலரவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும். பிறகு முகப்பவுடர் தூவி, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது உச்சியில் இருக்கிறதோ, அதுதான் கசியும் இடம்.

வால்வு மூடி என்றால் பேக்கிங் மாற்றினால் போதும். போல்ட்டை அழுத்தி முறுக்கினால் தகர மூடி வளைந்து, ஒழுகல் கூடும். ஆயில் சம்ப் அடைப்பானில் கசிந்தால் அதன் வாஷரை மாற்றுங்கள். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தாலும் ஒழுகும்.

மூச்சுத் துளை

பலரும் கவனிக்காத இடம் இது. கிரவுன் ஹவுசிங் மேல் சிறிய மூச்சுத் துளை உண்டு. அதைச் சேறு அடைத்துவிட்டால், மலை ஏறிச் சூடாகும்போது உள்ளே காற்று விரிந்து, எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். இன்ஜினின் மூச்சுக்குழாயும் அப்படித்தான். இரண்டையும் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் ஆயில் ஊற்றும் வாயில் புகை குப்பென்று வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது சீலை மட்டும் மாற்றுவது வீண்.

இத்தனையும் பார்த்த பிறகும் கிளட்ச் ஹவுசிங் அடியில் இன்ஜின் ஆயில் சொட்டினால், மெக்கானிக் சொன்ன வேலையைச் செய்யத்தான் வேண்டும். சீல் மாற்றும்போது, சீல் உட்காரும் தண்டை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது, மேலே மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும். சீலின் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். காய்ந்த உதட்டோடு மாட்டக் கூடாது, எண்ணெய் தடவியே மாட்ட வேண்டும்.

வடிந்த எண்ணெயைத் தட்டில் பிடித்து, கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் கடையில் கொடுங்கள். நிலத்திலோ கிணற்றோரமோ ஊற்ற வேண்டாம். தண்ணீர் கெட்டால் என்ன ஆகும் என்பதைப் பாலாற்றங்கரைக் கிணறுகள் ஏற்கெனவே காட்டிவிட்டன.

கறை விழுந்த செய்தித்தாளை அப்படியே மெக்கானிக்கிடம் எடுத்துப் போங்கள். எந்த வேலையை முதலில் பார்ப்பது என்று இருவரும் பேசி முடிவெடுக்க அதுவே போதும்.