பதின்மூன்று கட்டைத் தூரம்

நெடுந்தூர ஓட்டம் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது ஒரு தனி மனிதரின் உருவமே. வீதியின் இருமருங்கிலும் சனங்கள் நிற்க, நடுவே வியர்வை சொட்டச் சொட்ட ஒருவர் ஓடி வருகின்றார். கால் அவருடையது, மூச்சு அவருடையது, ஆகவே வெற்றியும் அவர் ஒருவருடையதே என்று நாம் முடிவுகட்டி விடுகின்றோம். ஆயினும், முதன்முறையாக அரை மரதன் தூரத்தை ஓடி முடித்த குடும்பஸ்தர் எவரையேனும் விசாரித்துப் பாருங்கள். தம் கால்களைப் பற்றிக் கூறுவதிலும் பார்க்கத் தம் வீட்டாரைப் பற்றியே அவர் அதிகம் கூறுவார். ஏன் அப்படி என்பதையே இந்த வாரம் சிந்திக்கப் புகுகின்றோம்.

முதலில் தூரத்தை அறிந்துகொள்வோம். மாணவ நேயர்கள் இதனைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். முழு மரதன் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் ஆகும். இந்தச் சில்லறைக் கணக்கு எப்படி வந்தது? 1908ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் மரதன் ஓட்டம் வின்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினருக்கென ஒதுக்கிய ஆசனங்களுக்கு முன்னால் முடிவடைந்தது. அந்தத் தூரம் 26 மைலும் 385 யாரும் ஆயிற்று. 1921இல் அகில உலக மெய்வல்லுநர் சம்மேளனம் அதனையே நிலையான தூரமாக ஏற்றுக்கொண்டது. அதில் சரிபாதி 21 கிலோமீற்றரும் 97½ மீற்றரும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 13 கட்டைக்குச் சற்று அதிகம். பாடசாலை மைதானத்தில் 400 மீற்றர் ஓடுபாதை இருக்குமாயின், அதனை 52 தடவை சுற்றிய பின்னும் முக்கால் சுற்று மிஞ்சும்.

இத்தூரம் பதக்கம் வெல்லும் வீரர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்ற பிரெண்டன் பொஸ்டர் என்பவர், 1981இல் வட இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலிருந்து சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரை வரை ஓர் அரை மரதன் ஓட்டத்தை ஆரம்பித்து வைத்தார். ஆலைத் தொழிலாளரும், ஆசிரியரும், தாய்மாரும், பாட்டன்மாரும் அதில் ஓடினர். 2014ஆம் ஆண்டில் அந்த ஓட்டத்தை முடித்தோரின் தொகை பத்து இலட்சத்தை எட்டியது. அத்தனை பேரும் வீரர்கள் அல்லர். விடிகாலையில் எழுந்து, ஓடிவிட்டு, வேலைக்குப் போனவர்கள்.

குடும்பத்தின் துணை எத்தகையது என்பதற்கு வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் மரதன் ஓட்டத்தில் 1966ஆம் ஆண்டு பொபி கிப் என்னும் 23 வயது நங்கை கலந்துகொள்ள விரும்பி விண்ணப்பித்தாள். பெண்களின் உடலுக்கு அந்தத் தூரம் இயலாது என்று கூறி அமைப்பாளர் மறுத்துவிட்டனர். அவள் பல நாட்கள் பஸ்ஸில் பயணஞ் செய்து பெற்றோரின் வீட்டை அடைந்தாள். தந்தையார் சம்மதிக்கவில்லை. தாயாரும் முதலில் அஞ்சினார். ஆனால், மகள் எடுத்துரைத்ததைக் கேட்ட பின், தாமே காரை ஓட்டி அவளை ஓட்டம் தொடங்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டார். சகோதரனின் காற்சட்டையை அணிந்து, தலையை மூடி, புதர் மறைவில் காத்திருந்து ஓட்டத்திற் சேர்ந்த அந்தப் பெண், முழு மரதனையும் 3 மணி 21 நிமிடம் 40 விநாடியில் முடித்தாள். ஓடிய ஆண்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் அவளுக்குப் பின்னாலேயே வந்தனர். 1972இல் அவ்வோட்டத்தின் கதவு பெண்களுக்கு முறைப்படி திறந்தது. அந்தத் தாயாரின் கார்ப் பயணம் எந்தப் பதக்கப் பட்டியலிலும் இல்லை. ஆயினும் அது இல்லாவிடில் இந்த வரலாறும் இல்லை.

நிற்க, நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம்.

என் தங்கை வெள்ளவத்தையில் வசிக்கின்றாள். வயது 43, தொழில் ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுடைய மாமியாரும் அவர்களுடனேயே இருக்கின்றார். எங்கள் தந்தையார் நீரிழிவினால் ஒரு பாதத்தை இழந்து, கடைசி ஆறு ஆண்டுகளைக் கட்டிலிலும் கதிரையிலுமாகக் கழித்தவர். சென்ற ஆண்டு தங்கையின் இரத்தத்திலும் சர்க்கரை எல்லைக் கோட்டைத் தொட்டு நிற்பதாக வைத்தியர் அறிவித்தார். "நாள்தோறும் நடவுங்கள், உடல் இடங்கொடுத்தால் மெல்ல ஓடவும் செய்யுங்கள்" என்றார். நடக்கத் தொடங்கியவள் சில மாதங்களில் ஓடத் தொடங்கினாள். பின்னர் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, கொழும்பில் நடைபெறவிருந்த ஓர் அரை மரதனில் ஓடப் போவதாகக் கூறினாள்.

மாமியார் திகைத்துப் போனார். "பிள்ளை, ஊர்ச் சனம் பார்த்தால் என்ன சொல்லும்? ஓடித் திரியிறதுக்கு உனக்கென்ன பள்ளிக்கூட வயசே?" என்றார். கணவர் கேட்டது வேறு: "ஓடு, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. காலமைச் சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?"

இந்த இரண்டாவது கேள்வியை நாம் இகழ வேண்டியதில்லை. குடும்ப வாழ்வின் முழுச் சிக்கலும் அதனுள் அடங்கியிருக்கின்றது. அரை மரதனுக்கு ஆயத்தஞ் செய்ய 14 கிழமை வேண்டும். கிழமைக்கு நான்கு நாள் ஓட வேண்டும். அந்த நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை; யாரோ ஒருவருடைய நித்திரையிலிருந்தோ, ஓய்விலிருந்தோ, வேலையிலிருந்தோதான் எடுக்கப்பட வேண்டும். வீட்டுப் பெண் ஓடப் போகும் நேரத்தில் அடுப்பும், பால் காய்ச்சலும், பிள்ளைகளின் உடுப்பும் காத்திருக்க மாட்டா. ஆகவே, "நீ ஓடு, எங்களுக்கு மகிழ்ச்சி" என்று வாயாற் கூறுவது துணையாகாது. அந்த அடுப்படியில் யார் நிற்பது என்று தீர்மானிப்பதே துணையாகும்.

அவர்கள் அதைத் தீர்மானித்தார்கள். ஒரு கடதாசியில் ஏழு நாட்களையும் கோடிட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டினார்கள். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் புட்டவிப்பது கணவர். தம்பியின் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டுவது மூத்த மகள். ஞாயிறு விடியலில் கரையோர வீதியில் தாய் நீண்ட தூரம் ஓடும்போது, தண்ணீர்ப் போத்தலுடன் துவிச்சக்கர வண்டியில் பின்தொடர்வது 13 வயது மகன். முதற் கிழமையிற் புட்டுக் கட்டிபட்டது. இரண்டாங் கிழமையில் உப்பில்லை. மூன்றாங் கிழமையில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஆறாவது கிழமையில் மாமியார் கடுங் காய்ச்சலுடன் வைத்தியசாலையிற் படுத்துவிட்டார். தங்கை இரவுகளை அங்கே கழித்தாள். சப்பாத்து கட்டிலின் கீழே போயிற்று. மாமியார் வீடு திரும்பிய பின்னும் அவள் அதை எடுக்கவில்லை. "இனி வேண்டாம், இந்த வீட்டுக்கு இது கட்டாது" என்று எனக்குத் தொலைபேசியிற் கூறினாள். மறுநாட் காலை மாமியாரே அவளைக் கூப்பிட்டார்.

"ஏன் பிள்ளை, இண்டைக்கும் ஓடேல்லையே?"

"உங்களுக்குச் சுகமில்லை, மாமி. எப்படி விட்டிட்டுப் போறது?"

"எனக்கு ஒண்டுமில்லை. கொப்பர் கட்டிலிலை கிடந்து பட்ட பாட்டை நானும் கண்டனான். நீயும் அப்பிடிக் கிடந்தால் என்ரை பேரப் பிள்ளையளை ஆர் பார்க்கிறது? போ, ஓடு."

பாதையில் நின்று கைதட்டும் ஆயிரம் பேரின் ஆரவாரத்திலும் இந்த ஒரு சொல்லுக்கு வலிமை அதிகம் என்று சொல்லவும் வேண்டுமோ?

இனி, ஓட விரும்பும் நேயர்களுக்கும் அவர்தம் வீட்டாருக்கும் சில குறிப்புகள். நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உடையவர்களும், குடும்பத்தில் இருதய நோய் உள்ளவர்களும் முதலில் வைத்தியரைக் காண வேண்டும். ஓட்டத்தின் வேகம், பக்கத்தில் வருபவருடன் மூச்சு வாங்காமற் பேசக்கூடியதாக இருத்தல் நன்று. இடையிடையே நடப்பதில் இழிவு எதுவும் இல்லை. கிழமைக்கு ஒருமுறை நீண்ட ஓட்டம். அதன் தூரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, நான்கு கிழமைக்கு ஒருமுறை குறைத்து, உடலுக்கு ஆறுதல் கொடுக்க வேண்டும். பந்தயத்துக்கு முன் 16 அல்லது 18 கிலோமீற்றரை ஒருமுறையேனும் ஓடியிருந்தாற் போதும். கடைசி இரண்டு கிழமைகளில் ஓட்டத்தைக் குறைப்பது சோம்பலன்று; அதுவும் பயிற்சியின் ஒரு பகுதியே. பந்தய நாளில் புதுச் சப்பாத்தும் புது உணவும் ஆகா. முதல்நாள் இரவு வழக்கமான சோறும், இடியப்பமும் சொதியும் தரும் மாச்சத்தே தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டு மறுநாள் ஓட உதவுகின்றது.

நம் நாட்டில் எல்லாவற்றிலும் மேலாகக் கவனிக்க வேண்டியது வெப்பம். வியர்வை காய்ந்து ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கின்றது. கொழும்பு போன்ற கரையோரப் பட்டினங்களிற் காற்றிலே ஈரம் மிகுதி. வியர்வை வழிந்தோடுமே தவிரக் காய்வதில்லை. ஆகவே உடற்சூடு உள்ளேயே தங்கிவிடும். விடியுமுன் ஓடுவதும், வேகத்தைக் குறைப்பதுமே இதற்குப் பரிகாரம். தண்ணீரையும் தாகத்துக்கு அளவாகவே அருந்த வேண்டும். வெறுந் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்திலுள்ள உப்பின் செறிவு குறைந்து ஆபத்து நேரும். தலைச்சுற்று, குமட்டல், குளிர்நடுக்கம் ஆகியன தோன்றினால் உடனே நிறுத்தி நிழலில் இருக்க வேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ, அறிவு மயங்கினாலோ, தண்ணீரை ஊற்றியும் பனிக்கட்டி வைத்தும் உடலைக் குளிர்வித்து, தாமதமின்றி வைத்திய உதவி பெறல் வேண்டும்.

இங்கேதான் வீட்டாரின் இன்னொரு கடமை வருகின்றது. ஓடுபவருக்கு உற்சாகம் தலைக்கேறியிருக்கும். தம் நிலையைத் தாமே உணர மாட்டார். முகம் பார்த்து அறிய வல்லவர் வீட்டார் ஒருவரே. "ஓடு" என்று ஊக்குவிப்பவருக்கு "நில்" என்று சொல்லும் உரிமையும் உண்டு என்பதை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும்.

தங்கையின் வீட்டில் அந்த ஒப்பந்தம் இருந்தது. பந்தய நாளில் 16ஆவது கிலோமீற்றரில், காலை எட்டு மணிக்குச் சற்று முன், கணவரும் மகனும் காத்து நின்றனர். வந்தவளின் முகம் வெளிறியிருந்தது. தலை சுற்றுவதாகக் கூறினாள். கணவர், "போதும், இரு" என்றார். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, ஆயினும் இருந்தாள். மர நிழலில் உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தார்கள். முதலுதவித் தொண்டர்கள் வந்து சோதித்தார்கள். "இனி ஓட வேண்டாம்; விரும்பினால் நடந்து போகலாம்" என்றார்கள். மீதி ஐந்து கிலோமீற்றரையும் அவள் நடந்தே முடித்தாள். மகன் வண்டியை உருட்டிக்கொண்டு வீதியோரமாக உடன் நடந்தான். எடுத்த நேரம் 3 மணி 24 நிமிடம். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் மிகச் சிலரே.

அதற்குப் பின் எடுத்த இரத்தப் பரிசோதனையிற் சர்க்கரை சற்று இறங்கியிருந்தது. வைத்தியர் மகிழ்ந்தாரேனும், கவனத்தைத் தளர்த்த வேண்டாம் என்றே சொல்லியனுப்பினார். நோய் ஒரு பந்தயத்தோடு ஓடிப் போய்விடுவதில்லை.

சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறைச் சுவரிலே கடதாசி இன்னமும் இருக்கின்றது, எழுத்துத்தான் மாறியிருக்கின்றது. மாலை ஐந்தரைக்கு மாமியாரின் நடை, துணைக்குப் பேத்தி. சனிக்கிழமை காலை கணவருக்குப் பூப்பந்தாட்டம். அன்று புட்டவிப்பது தங்கை. மகளுக்குப் பரீட்சை நெருங்குவதால் சாப்பாட்டுப் பெட்டி இப்போது தம்பியின் பொறுப்பு. ஒருவருக்கென்று தொடங்கிய ஒத்தாசை வீடு முழுவதையும் சுற்றி வந்திருக்கின்றது.

நேயர்களே, ஓடுவது எல்லாருக்கும் இயலாது; வேண்டியதுமில்லை. ஆயினும், ஒவ்வொரு வீட்டிலும் எவரோ ஒருவர் தமக்கென்று ஒரு மணி நேரத்தைக் கேட்க வாய் கூசி நிற்கின்றார். சங்கீதமோ, வாசிப்போ, நடையோ, எதற்காகவேனும் இருக்கலாம். இன்று மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் யாரென்று பாருங்கள். ஒரு கடதாசியும் பென்சிலும் அருகில் இருக்கட்டும்.