பொன்னாங்கண்ணியும் போலிக் கீரையும்

ஏரிக்கரையின் உட்சரிவில், நீர் வற்ற வற்ற வெளிப்படும் ஈர விளிம்பில், யாரும் விதைக்காமலும் உரமிடாமலும் படர்ந்து கிடந்த கீரை பொன்னாங்கண்ணி. களையெடுக்கச் சென்ற பெண்டிர் மாலையில் மடி நிறையக் கிள்ளி வந்த கீரை அது. விலை கொடுத்து வாங்கியதன்று. இன்றோ தமிழர் அங்காடியிற் காசு கொடுத்துச் செந்நிறக் கட்டொன்றை வாங்கி, அதனைப் பொன்னாங்கண்ணி என்று சொல்லி உண்கின்றனர். வாங்கிய கீரையும் இம்மண்ணினதன்று. சொல்லும் பெயரும் அதற்குரியதன்று. கீரையிலும் மொழிச்சிக்கலா என்று நகைப்பவர் நகைக்கட்டும். பெயர் தடுமாறினால் பொருளும் தடுமாறும் என்பதை அவர் வீட்டு அடுப்பங்கரையே காட்டும்.

அந்தச் செந்நிறக் கீரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூங்காக்களில் ஓரக்கட்டாக அழகுக்கு நடப்பட்டுப் பின்னர்க் கீரைக்கூடைக்குள் புகுந்தது. அதனை உண்பது தீதென்று இங்குச் சொல்லப்படவில்லை. அதுவும் ஊட்டமுள்ள கீரையே. முதலில் அதனைக் கண்ட சிற்றூரார் நேர்மையோடு 'சீமைப் பொன்னாங்கண்ணி' என்றனர். சீமைக் கருவேல் என்றது போலவே, வந்தது எங்கிருந்து என்பதைப் பெயரிலேயே பொறித்து வைத்தனர். விற்பவர் 'சீமை'யை வெட்டி எறிந்தார், வாங்குபவர் கேளாமலிருந்தார். வந்தேறிக்கு வீட்டுக்காரன் பெயர் கிடைத்தது. வீட்டுக்காரனோ 'நாட்டுப் பொன்னாங்கண்ணி' என்று அடைமொழி சுமந்து தன் மண்ணிலேயே தன்னை அறிவித்துக்கொள்ளும் நிலைக்கு இறங்கிவிட்டான்.

பெயரைக் குலைத்ததில் புலவருக்கும் பங்குண்டு. 'பொன் ஆம் காண் நீ' என்று சொல்லைப் பிளந்து, இதனை உண்டால் உடல் பொன்னாகும் என்பதே பெயர்ப்பொருள் என்று மேடைதோறும் விளக்கம் சொல்வோர் உளர். செவிக்கு இனியதே, ஆயின் அதே நீர்விளிம்பில் வளரும் கரிசலாங்கண்ணியை இவர் எவ்வாறு பிளப்பார்? 'கரிசல் ஆம் காண் நீ' என்றா? உண்டவன் கறுப்பான் என்றா? கண் என்பது கணுவையும் குறிக்கும். கரும்பின் கண் என்பது இன்றும் உழவர் வழக்கு. பொன்னாங்கண்ணி கணுதோறும் வேர்விடும், கணுவிலேயே பூக்கும். கரிசலாங்கண்ணியும் தரையில் படிந்த கணுக்களில் வேர் விடுவதே. கண்ணி என்பதனைக் கணுவுடையது என்று கொள்ளின் இரண்டு பெயரும் ஒருங்கே விளங்கும். செடியைக் குனிந்து பாராமல் சொல்லை மட்டும் பிளந்தால் வருவது கதையே.

இன்னொரு சாரார் மூலிகைத் தோட்டங்களில் பலகை நடுவோர். மேலே இலத்தீன், நடுவே 'மத்சியாட்சி' என்னும் வடசொல், கீழே இடமிருந்தால் தமிழ். வடசொல்லின் பொருள் மீன்கண்ணி. தமிழ்ப்பெயர் அதன் மொழிபெயர்ப்பே என்று சொல்லவும் இவர்கள் தயங்குவதில்லை. மொழிபெயர்ப்பாயின் மீன் எங்கே போயிற்று? தமிழிலும் மலையாளத்திலும் பொன்னாங்கண்ணி, தெலுங்கில் பொன்னகண்டி, கன்னடத்தில், சொன்முதற் பகரம் மூச்சொலியாகித் தேய்வதால், ஒன்னகொன்னே. நான்கு உடன்பிறப்பு மொழிகளும் பொன்னை வைத்தே பெயரிட்டிருக்க, மீனிலிருந்து பொன் வந்தது என்பது எந்த இலக்கணத்தின்பாற்படும்? கொடுப்பை என்று இன்னொரு தமிழ்ப்பெயரையும் அகரமுதலிகள் காத்து வைத்துள்ளன. அதனை எந்தப் பலகை தாங்குகிறது?

பெயர் மறந்தால் கேடு சொல்லோடு நின்றுவிடுவதில்லை. ஆங்கிலத்தில் முதலைப் பெயரால் வழங்கும் களையொன்று உண்டு, முதலைக்களை எனலாம். அதுவும் தென் அமெரிக்காவினதே. பொன்னாங்கண்ணியின் பேரினத்தைச் சேர்ந்ததே. நீர்மேல் பாய் விரித்தாற்போல் மூடி, வாய்க்காலை அடைத்து, அடியிலுள்ள உயிர்களுக்கு ஒளியும் காற்றும் மறுப்பது. ஆத்திரேலியாவில் நியூகாசில் துறைமுகத்தின் அருகே 1946-இல் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பின் அதனை ஒழிக்க அந்நாடு பட்ட பாடு பெரிது. 1990-களில் ஒரு வியப்பு வெளிப்பட்டது. இலங்கையிலிருந்து அங்குக் குடிபெயர்ந்தோர் பலர் தம் வீட்டுத் தோட்டங்களில் அதே முதலைக்களையை நட்டு, நீர் ஊற்றி, அன்போடு வளர்த்துக்கொண்டிருந்தனர். சிங்களத்தில் முகுணுவென்ன என்றும் ஈழத்தமிழில் பொன்னாங்காணி என்றும் வழங்கும் ஊர்க்கீரை அதுவே என்று நம்பி, தண்டை ஒருவர்க்கொருவர் கைமாற்றிக் கொடுத்திருக்கின்றனர். விக்டோரியா மாநிலத்தார் அந்நாட்டுக்கே உரிய தீங்கற்ற உறவுச்செடி ஒன்றை மாற்றாக வழங்கிக் களையைப் பிடுங்கச் செய்தனர். அம்மக்களை நகைப்பதற்கில்லை, ஊர்க்கீரையின் மேல் அவர்க்கிருந்த ஏக்கம் வணங்கத்தக்கது. கடல் கடந்தவர் ஏமாந்ததிலாவது பொருளுண்டு. கரையிலேயே பிறந்தவர் ஏமாந்தால் என்ன சொல்வது? முதலைக்களை இந்தியாவின் பல மாநில நீர்நிலைகளிலும் பரவியிருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. பூவைப் பார்த்தாற் போதும். பொன்னாங்கண்ணியின் வெண்பூங்கொத்து காம்பில்லாமல் இலைக்கக்கத்தில், கணுவோடு ஒட்டி அமர்ந்திருக்கும். முதலைக்களையின் பூக்கொத்து நீண்ட காம்பின் நுனியில் தனித்து நிமிர்ந்து நிற்கும். 1753-இல் பொன்னாங்கண்ணிக்குப் பெயரிட்ட இலின்னேயசு 'அமர்ந்திருப்பது' என்று பொருள்படும் இலத்தீன் அடைமொழியையே அதற்குச் சூட்டினார். எங்கோ வடபுலத்தில் உலர்ந்த செடியைக் கையிலெடுத்த சுவீடன் நாட்டார் கண்டதனை, கரையிலேயே வாழ்வோர் காணத் தவறுகின்றனர்.

நாட்டுக்கீரைக்கு இருப்பிடமும் பறிபோகிறது. ஏந்தல், தாங்கல், கண்மாய், ஊருணி, இலஞ்சி என்று நீர்நிலைக்கு இத்தனை பெயர் வைத்த இனம், இன்று குளத்தைச் செப்பனிடுவதென்றால் கரையின் உட்புறத்தைச் செங்குத்தாக வெட்டிக் கல்லும் பைஞ்சுதையும் பூசுவதையே அறிகிறது. கலிங்கலுக்கும் மதகுக்கும் கல் வேண்டும். அலை மோதும் இடத்திலும் வேண்டும். சுற்றிலும் எதற்கு? நீர் ஏறி இறங்கும் மென்சரிவு இல்லையேல் வல்லாரைக்கும் ஆரைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் நிற்க இடமில்லை. எஞ்சிய ஈரவிளிம்பை நெய்வேலிக் காட்டாமணக்கு வளைத்துக்கொள்கிறது. நீரை வெங்காயத்தாமரை மூடுகிறது. இவ்விரண்டும் அமெரிக்க மண்ணின என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

வளர்க்க விரும்புவோர் விதை தேடி அலைய வேண்டா. பூவைப் பார்த்து உறுதி செய்த கொடியில், முற்றவும் இளமையும் அல்லாத தண்டை ஒரு சாண் நீளத்திற்கு, மூன்று நான்கு கணுக்களோடு நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் செல்லுமாறு சாய்த்து ஊன்றினாற் போதும். மக்கிய சாணவெரு கலந்த வண்டல் மண் சிறந்தது. ஊன்றுவதற்கு இடையே ஒரு சாண் விட வேண்டும். மண் காயாமல் ஈரம் காக்க வேண்டும். ஆயின் நட்ட புதிதில் நீர் தேங்கி நிற்கலாகாது, தண்டு அழுகும். வேரூன்றிய பின் ஈரம் மிகுந்தாலும் தாங்கும். குளக்கரை இல்லாதவர் கிணற்றடியிலோ குளியல் நீர் கலவாத குழாயடியிலோ வளர்க்கலாம். அகன்ற மண்சட்டியிலும் வளரும். காலை வெயில் பட்டு நண்பகலில் சிறிது நிழல் வீழும் இடமாயின் இலை மென்மையாக இருக்கும். முழு நிழலில் தண்டு நீண்டு இலை சிறுக்கும்.

ஐந்தாறு கிழமைகளில் முதல் அறுவடை ஆகும். வேரோடு பிடுங்குவது பேதைமை. தரைக்குமேல் இரண்டு கணு விட்டு அரிந்தால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கிளை வெடிக்கும். மூன்று கிழமைக்கு ஒருமுறை மீண்டும் அரியலாம். ஒவ்வோர் அரிவுக்குப் பின்னும் கையளவு எருவிட்டு நீர் ஊற்ற வேண்டும். பூ மிகுந்து தண்டு நாராகிவிட்ட பாத்தியை அடியோடு குறைத்துப் புதுத்துளிர் வாங்க வேண்டும். இலையில் புழு கண்டால் கையால் பொறுக்கி எறிதலே தக்கது. அரிந்து உண்ணும் கீரையில் நஞ்சு தெளிப்பவர் தம் பிள்ளைகளுக்கே தெளிப்பவர்.

சாக்கடை கலந்த குளத்தில் கொழுத்து நிற்கும் பொன்னாங்கண்ணியைக் கண்டு ஆவலுறலாகாது. கழிவுநீரிலுள்ள நச்சு மாழைகளை இச்செடி தன்னுள் ஈர்த்துக்கொள்ளும். கழுவினாலும் அவை போகா. அத்தகைய இடத்திலிருந்து நடவுக்குத் தண்டு மட்டும் எடுக்கலாம். இரண்டு மூன்று முறை அரிந்து எறிந்து, நல்ல மண்ணில் புதிதாகத் தழைத்ததையே உண்ண வேண்டும். கரையில் முதலைக்களை கண்டு பிடுங்குவோர் அதனை வாய்க்காலில் வீசிவிடலாகாது. ஒரு கணு நீரோடு போனால் அடுத்த ஊரில் ஒரு குளம் மூடும். உயர்ந்த கட்டாந்தரையில் பரப்பிச் சருகாகும்வரை காய வைத்து எரித்துவிட வேண்டும். அவ்விடத்திலேயே ஈரம் பார்த்து நாட்டுப் பொன்னாங்கண்ணித் தண்டை ஊன்ற வேண்டும்.