சிக்கு முடி

சனிக்கிழமை பத்து மணி சுமாருக்கு எங்கள் தெருவில் ஒரு எக்ஸெல் வண்டி வரும். பின்பக்கம் கலர் கலராக பிளாஸ்டிக் பக்கெட்டும் எவர்சில்வர் கிண்ணமும் தொங்கும். ஹேண்டில்பாரில் கட்டிய ஒலிபெருக்கி, "சிக்கு முடி எடுக்கிறது, சவுரி முடி எடுக்கிறது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அம்மா குளியலறை ஜன்னலில் செருகி வைத்திருக்கும் பால் கவரை உருவிக்கொண்டு வாசலுக்குப் போவார். இரண்டு மாதமாகச் சீப்பில் வந்த முடி அதில் பந்து பந்தாக இருக்கும்.

"ஈரமா இருக்கேம்மா, எடை தப்பா காட்டும்."

"காஞ்சு கருவாடா கிடக்கு, இதுல ஈரத்தைக் கண்டியா நீ?"

போன வாரப் பேரம் ஒரு டீ வடிகட்டியில் முடிந்தது.

பாட்டி இருந்திருந்தால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டாள். சீப்பு முடியைச் சுருட்டி, மூன்று தரம் துப்பி, யார் காலிலும் படாத மூலையில் போட வேண்டும் என்பது அவள் சட்டம். வேண்டாதவன் கையில் கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவானாம். எத்தனையோ பகுத்தறிவுக் கூட்டம் எங்கள் ஊர் முச்சந்தியில் நடந்திருக்கிறது. அந்தப் பயம் அசையவில்லை. டீ வடிகட்டிக்கு அசைந்துவிட்டது.

அண்ணன் மகள் எம்.ஏ. படிக்கிறாள். உலகமயமாதலின் சமூக, பண்பாட்டு, பொருளாதார விளைவுகள் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "ஆரம்பம் சரியா வரல சித்தப்பா" என்று தாளை நீட்டினாள். முதல் வரியே 1991, தாராளமயம் வந்த வருடம். நம் விடைத்தாள்களில் உலகம் அந்த வருடம்தான் பிறக்கிறது. அடுத்த பத்தியில் உலகமயமாக்கல் என்று எழுதியிருந்தாள். இரண்டும் ஒன்றுதானே என்றாள். எப்படி ஒன்றாகும்? ஆதல் என்றால் மழை மாதிரி, தானாக வருவது. ஆக்கல் என்றால் யாரோ செய்கிறார்கள். மேடையில் ஒருவர் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் கட்சியைச் சொல்லிவிடலாம். "அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல உன் பாட்டியோட பால் கவர் பின்னாடி போய்ப் பார்" என்றேன்.

போனால் தூரம் அதிகம். தெருத் தெருவாகச் சேரும் சிக்கு முடி மூட்டையாகி, கர்நாடகத்தில் கொப்பல் அருகே பாக்யநகருக்கோ, வங்காளத்தில் முர்ஷிதாபாத் மாவட்டத்துக்கோ போகிறது. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து, ஊசி கொண்டு ஒவ்வொரு பந்தாகப் பிரிக்கிறார்கள். நரையைத் தனியே பொறுக்கி, மீதியை நீள வாரியாகக் கட்டு கட்டுகிறார்கள். அதற்கப்புறம் மியான்மர், சீனா. சீனத்தில் ஹெனான் மாகாணத்து ஷூசாங் நகரம்தான் விக் தொழிலின் பெரிய மையம். 2021இல் மிசோரத்தில் மியான்மர் எல்லைப் பக்கம் மூட்டை மூட்டையாக முடி பிடிபட்டது. 2022 ஜனவரியில் இந்திய அரசு கச்சா முடி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாட்டி துப்பிப் போட்ட சரக்கு கடத்தல் பொருளாகிவிட்டது.

கோயில் முடி வேறு சாதி. ஆம், அதிலும் உண்டு. முடியின் மேல் மீன் செதில் போல நுண்ணிய அடுக்கு இருக்கிறது, வேரிலிருந்து நுனி நோக்கி. மொட்டை போடும்போது முடி கொத்தாக வருவதால் எல்லா வேரும் ஒரே பக்கம் நிற்கும். செதில் செதிலோடு உரசிச் சிக்காது. இதைத்தான் வியாபாரத்தில் ரெமி என்கிறார்கள். சிக்கு முடியில் வேரும் நுனியும் மாறி மாறிக் கிடப்பதால், பெரும்பாலும் அமிலத்தில் முக்கிச் செதிலையே எடுத்துவிடுகிறார்கள். விலை வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. திருப்பதியில் மொட்டை போடும் இடமான கல்யாணக்கட்டாவில் விழும் முடியை நீளம் பார்த்துத் தரம் பிரித்து ஏலம் விடுகிறார்கள். அது சென்னைப் பக்கத்து ஆலைகளில் அலசப்பட்டு, அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலையில் இழையாகத் தைக்கப்படுகிறது. நடிகர் கிறிஸ் ராக் 2009இல் வெளியான 'குட் ஹேர்' ஆவணப்படத்துக்காக இந்தத் தடத்தைப் பிடித்தே இந்தியா வந்தார். லண்டன் மானுடவியலாளர் எம்மா டார்லோ முடியின் பின்னாலேயே நாடு நாடாக அலைந்து 2016இல் ஒரு புத்தகமே எழுதினார்.

1991க்கு முன்னால் இதெல்லாம் இல்லையா என்றால், இருந்தது. 1960களின் நடுவில் அமெரிக்கா, கம்யூனிஸ்ட் சீனாவின் முடி உள்ளே வரக் கூடாது என்று தடை போட்டது. கறுப்பு முடிக்குக் கட்சி அடையாளம் கண்டுபிடிப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. லாபம் தென் கொரியாவுக்கு. 1970 வாக்கில் அந்த நாட்டின் முன்னணி ஏற்றுமதிகளில் விக்கும் ஒன்று. கிராமத்திலிருந்து சியோலுக்கு வந்த இளம் பெண்கள்தான் ஆலைகளில் கை வேலை செய்தார்கள். அப்படி ஒன்று ஒய்.ஹெச். டிரேடிங். முதலாளி அமெரிக்காவில் குடியேறிவிட்டார். 1979இல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். அந்தப் பெண்கள் ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைமை அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். போலீஸ் புகுந்து இழுத்துப் போட்டதில் கிம் கியாங் சுக் என்ற இளம் தொழிலாளி இறந்துபோனார். அதை ஒட்டிய மோதலில் எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங் சாமை நாடாளுமன்றத்திலிருந்து நீக்கினார்கள். அவர் சொந்தப் பிரதேசமான பூசானும், அருகிலிருக்கும் மாசானும் கொந்தளித்தன. அக்டோபர் 26 அன்று சர்வாதிகாரி பார்க் சுங் ஹீயை அவருடைய உளவுத் துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். விக் ஆலையால்தான் ஆட்சி கவிழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வருடக் கதையை விக் ஆலையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

இவ்வளவு நீளச் சங்கிலியில் பக்கெட்காரர், ஏலம் எடுப்பவர், அமிலம் ஊற்றுபவர், கப்பல்காரர், சலூன்காரர் எல்லோரும் கேட்பது ஒன்றே: நீளம் என்ன, விலை என்ன? ஏன் கொடுத்தாய் என்று கொடுத்தவளைக் கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர் பொருளாதார நிபுணர் இல்லை. ஜெருசலேமில் இருந்த 94 வயது யூத மதகுரு, ஒரு ரப்பி.

கட்டுப்பெட்டியான யூதக் குடும்பங்களில் மணமான பெண் தன் முடியை வெளியே காட்டக் கூடாது. அதனால் பலர் விக் வைப்பார்கள். நல்ல விக்கில் இந்திய முடி இருந்தது. அது திருப்பதியில் விழுந்த முடி என்றால், அந்நிய தெய்வத்துக்குப் படைத்த பொருளா? படைத்தது என்றால் அவர்கள் சட்டப்படி அதனால் எந்தப் பலனும் அடையக் கூடாது. விற்கவும் முடியாது, தானம் கொடுக்கவும் முடியாது. யோசேப் ஷாலோம் எல்யாஷிவ் என்ற அந்தக் குருவின் சார்பில் லண்டனிலிருந்து ஒரு ரப்பி திருமலைக்கே வந்து பார்த்தார். மொட்டை போடுவது கும்பிடுவதற்கு முந்தைய தயாரிப்பா, இல்லை, அதுவே கும்பிடுதானா? கும்பிடுதான் என்று அவர் போய்ச் சொன்னார். 2004 மே மாதம் தீர்ப்பு வந்தது. புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் பெண்கள் ஆயிரக்கணக்கான டாலர் விக்குகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். இந்திய முடி இல்லை என்று சான்று ஒட்டிய விக்குகள் கடைக்கு வந்தன.

அந்த ரப்பியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, மரியாதைதான் வருகிறது. கல்யாணக்கட்டா கருவறையில் இல்லை. முடி சுவாமி முன்னால் போவதும் இல்லை. ஆனாலும் நாம் அதை முடி காணிக்கை என்கிறோம். அப்படியானால் கொடுப்பது முடியையா, அழகையா, வெறும் வாக்கையா? நாம் யோசித்ததே இல்லை.

அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு பெரியகுளத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். மகனுக்கு டைபாய்டு வந்தபோது வேண்டிக்கொண்டு பழனியில் முடி இறக்கியவள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. நேராகவே கேட்டேன்: முடியை முருகனுக்குக் கொடுத்தாயா அத்தை?

"முடியை வச்சு முருகன் என்னடா பண்ணுவான்? அவனே மொட்டையா நிக்கிறான்."

"அப்ப யாருக்குக் கொடுத்தே?"

"மொட்டை போடுறேன்னேன், போட்டேன். கொடுக்கிறதாவது."

அண்ணன் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அந்த முடி எங்க போச்சுன்னு பார்த்தீங்களா அத்தைப் பாட்டி?" என்றாள்.

"முடிக்கொட்டகையில தண்ணி தெளிச்சு உக்கார வச்சாங்க. கண்ணை மூடிக்கிட்டேன். தொறந்தப்ப தலை லேசா இருந்துச்சு, காத்து ஜில்லுன்னு பட்டுச்சு" என்ற அத்தை, இவளுடைய பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். "என்னடி இது, எலி வால் மாதிரி? எண்ணெய் வைக்கிறதே இல்லையா?"

பத்துப் பக்கத்தில் இன்னும் ஒன்பது பாக்கி இருக்கிறது.