மலை இறங்கும்போது என்ஜினை நிறுத்தலாமா?

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? அந்த மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு.

ஏறும்போது மோட்டார் சைக்கிள் முக்கி முனகும். இறங்கும்போது சிலருடைய வண்டியில் சத்தமே இருக்காது. காரணம் என்ன தெரியுமா? உச்சியிலேயே சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிடுகிறார்கள். கியரை நியூட்ரலில் போட்டு, வண்டியை உருள விடுகிறார்கள். முன்னால் குழந்தை. பின்னால் மனைவி. "பெட்ரோல் மிச்சம்" என்று மகிழ்ச்சி வேறு!

பெட்ரோல் விற்கிற விலையில் மிச்சம் பிடிக்க நினைப்பது குற்றம் அல்ல. ஆனால் அதைப் பிடிக்கிற இடம் இது அல்ல.

சூடும் பிரேக்கும்

என்ஜின் நின்றுவிட்டால், வண்டியை அடக்க பிரேக் ஒன்றுதான் மிச்சம். வளைவுக்கு வளைவு அதையே அழுத்துகிறோம். உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு வருகிறது அல்லவா? பிரேக்கிலும் அப்படித்தான். சூடு ஏற ஏற, பிடி குறையும்.

டிஸ்க் பிரேக்கில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பிரேக் ஆயில், நாளடைவில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பழைய ஆயில், சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும். உள்ளே குமிழி உண்டாகும். லிவரை அழுத்தினால் குமிழிதான் நசுங்கும். வண்டி நிற்காது!

"என் வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறதே" என்பீர்கள். சக்கரம் இறுகிச் சறுக்காமல் காப்பதுதான் அதன் வேலை. சூட்டை அது தணிக்காது.

மிச்சம் எங்கே?

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். ஆக்சிலேட்டரை விட்டால், என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்குப் பாதி வேலை குறையும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் கருவிதான் இருக்கிறது. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டால், அது பெரும்பாலும் பெட்ரோலை நிறுத்திவிடும். பிறகு சாவியைத் திருப்பி என்ன லாபம்?

கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜினின் பிடி குறைவு. ஆகவே மெதுவாக இறங்குங்கள். அகலமான இடத்தில் நிறுத்தி, பிரேக்கை ஆறவிடுங்கள்.

பிடிக்காமல் போனால்...

பதறாதீர்கள். கிளட்சைப் பிடித்தபடியே இருக்காதீர்கள். பிரேக்கை விட்டு விட்டு வேகமாக அழுத்துங்கள். சில சமயம் பிடி திரும்பும். இன்னொரு பிரேக்கையும் பயன்படுத்துங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் பின்சக்கரம் சறுக்கும். ஹாரனை விடாமல் அடியுங்கள். மண்மேடோ ஏற்றமோ தென்பட்டால் அந்தப் பக்கம் திருப்புங்கள்.

இந்த நிலை வராமல் தடுப்பதே நல்லது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கத் தவறாத நாம், பயணத்துக்கு முன்பு பிரேக்கை ஒரு முறை அழுத்திப் பார்க்கக் கூடாதா?

பின்னால் உட்கார்ந்து வரும் தாய்மார்களே! மலை உச்சியில் அவர் கை சாவியின் பக்கம் போனால், சும்மா இருக்காதீர்கள். "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.