விடுப்புப் பார்க்கிறதும் பயணம்தான்

எங்கட பக்கம் "விடுப்புப் பார்க்கிறது" என்பது நல்ல பெயர் இல்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர், சந்தியில் நின்று போறவர் வாறவரை அளக்கிறவர், பக்கத்து வீட்டில் ஓட்டோ வந்து நின்றால் யார் இறங்குகினம் என்று பார்க்கக் கேற்றடிக்கு வருகிறவர், இவர்களைத்தான் அப்படிச் சொல்வோம். விடுப்பு விண்ணாணம் கேட்காதே என்று ஏச்சு வாங்காமல் வளர்ந்த பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருக்காது. அந்தப் பழக்கத்துக்காகக் கதைக்கத்தான் இதை எழுதுகிறோம். குடும்பமாக வெளிநாடு போனால் முதலில் செய்யவேண்டியது, ஒரு சந்தைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை பார்த்துக் குந்தியிருந்து விடுப்புப் பார்ப்பது என்பது எங்கள் கட்சி. அப்படிப் பார்க்கும்போது நாங்கள் ஒரு பிழையும் விட்டோம். அதையும் சொல்லத்தான் வேணும்.

எழுதுவது அக்காவும் தம்பியும். போன வருடம் அப்பா, அம்மா, அம்மம்மாவோடு ஐந்து பேராக மலேசியா போனோம். கோலாலம்பூரில் இறங்கி, ரயிலில் பட்டர்வர்த் வரைக்கும் போய், அங்கிருந்து படகில் பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுனுக்கு. எங்கட சனம் வெளிநாடு போவதென்றால் வழமையாக இரண்டு வகை. ஒன்று இந்தியா: கோயில், இல்லாட்டில் வைத்தியம், திரும்பி வரேக்க கலியாணச் சேலை. மற்றது கனடாவோ லண்டனோ: சொந்தக்காரர் வேலையால் வரும்வரை அவர்களின் சோபாவில் இருந்து ரீவி பார்ப்பது. நேர்த்தியும் இல்லாமல், சொந்தமும் இல்லாமல், சும்மா ஒரு இடத்துக்குப் போவது எங்கள் வீட்டில் இதுதான் முதல் தடவை. முழுக்கச் சும்மா என்றும் சொல்ல முடியாது. அம்மம்மாவின் அப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்காக இருந்து, மலாயன் பென்சனியராக ஊர் திரும்பியவர். அந்தக் காசில் எழும்பிய வீட்டில்தான் இப்பவும் இருக்கிறோம். ரயிலில் வந்த நாலு மணித்தியாலமும் அம்மம்மா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்பாவிடம் ஒரு பட்டியல் இருந்தது. யூரியூப் பார்த்து, கொப்பியில் எழுதி, நாளுக்கு நாலு இடம் என்று பிரித்து வைத்திருந்தார். மலை ரயில், கெக் லோக் சி விகாரை, ஆர்மேனியன் தெருவில் இருக்கும் சுவரோவியம். சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் அந்தப் படத்தை 2012 இல் ஏர்னஸ்ட் சக்கரேவிச் என்ற லித்துவேனியக் கலைஞர் வரைந்தார். பிள்ளைகள் ஓவியம், சைக்கிள் உண்மையானது. நல்ல வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் கியூ. ஒவ்வொரு குடும்பமும் சைக்கிளைப் பிடித்தபடி நின்று படம் எடுத்துவிட்டு அடுத்த சுவருக்கு ஓடுகிறது. நாங்களும் வெயிலில் இருபது நிமிடம் நின்றோம். எங்கள் முறை வரமுதல் அம்மம்மாவின் முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டது. அவவுக்கு 79 வயது.

அப்படித்தான் பக்கத்தில் இருந்த கோப்பிக் கடையில் போய் இருந்தோம். "கொப்பிதியாம்" என்று சொல்வார்கள். வெளியில் சீன எழுத்தோடு "கெடாய் கோப்பி" என்று மலாயில் பலகை. கெடாய் என்பது எங்கட கடைதான், தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொல். உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது. கோப்பி, தேத்தண்ணி கடை முதலாளியுடையது. சாப்பாடு விற்கிற தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களுடையது. நீங்கள் மேசை நம்பரைச் சொல்லிவிட்டு வந்து இருந்தால் சாப்பாடு தேடி வரும். ஒரு கோப்பி வாங்கிவிட்டால் ஒருவரும் எழும்பச் சொல்ல மாட்டார்கள்.

அம்மம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேணும்? கதிரையைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டா. பிறகு ஒன்றரை மணித்தியாலம் நேரடி வர்ணனை. "உந்தப் பெடியன்ர காற்சட்டையைப் பாரன், கிழிஞ்சு தொங்குது." "அந்த மனிசி மூண்டாம் தரம் போகுது, ஆரையோ தேடுது." எதிரே ஒரு ஐயா சார் குவே தியோ வறுத்துக்கொண்டிருந்தார். தட்டையான அரிசி நூடில்ஸ், இறால், மட்டி, பயற்றம் முளை, முட்டை. பத்துப் பேர் காத்து நின்றாலும் ஒவ்வொரு தட்டாகத்தான் வறுக்கிறார், சேர்த்துப் போடுவதில்லை. நெருப்பு எழும்ப எழும்பத் தாச்சியைச் சுண்டுகிறார். அம்மம்மா அவரின் கையை மட்டும் அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுச் சொன்னா: "உவர் ஒருநாளும் ருசி பாக்கேல்லை. கை அளவு." வாழ்நாள் முழுக்கச் சமைத்த ஒரு மனிசிக்கு மட்டுமே படக்கூடிய விஷயம் அது. நாங்கள் நெருப்பைத்தான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு காசு செலவழிச்சு கடையில குந்தியிருக்கவோ வந்தனாங்கள்?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2022 இல் ரூபாய் விழுந்தபோது இந்தப் பயணத்துக்குச் சேர்த்த காசு கண்ணுக்கு முன்னால் பாதியானது. பிறகும் விடாமல் சேர்த்தவர் அவர். ஒரு ரிங்கிட் ஏறக்குறைய 70 ரூபாய் என்று எல்லாவற்றையும் பெருக்கிக்கொண்டே திரிந்தார். இப்படிக் கஷ்டப்பட்டு வந்தவர்களுக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் எதையாவது காட்ட வேணும் போல இருக்கும். அதற்காகத்தான் பட்டியல். ஊருக்குக் காட்டுவதற்கும்தான், மறைக்க என்ன இருக்கு. ஆனால் அவருடைய கணக்கிலேயே பார்த்தாலும், மலை ரயிலுக்கு ஒரு ஆளின் ரிக்கெற் காசில் பத்துத் தரம் கோப்பி குடித்திருக்கலாம். நூடில்ஸ் தட்டு 9 ரிங்கிட். 630 ரூபாய் என்று பெருக்கிவிட்டு அப்பாவே சிரித்தார். எங்கட ஊரில் ஒரு கோழிக்கொத்து அதைவிடக் கூட.

அடுத்த நாள் காலை சவுராஸ்தா சந்தை. உள்ளே மீனும் கோழியும், வெளியே மரக்கறியும் பழமும், மேலே பழைய புத்தகக் கடைகள். அம்மாவுக்குச் சந்தையில் மொழி தேவைப்படவில்லை. றம்புட்டானைக் காட்டி "றம்புட்டான்" என்றா, அவர்களும் "றம்புட்டான்" என்றார்கள். மலாயில் ரம்புட் என்றால் மயிர், அதனால் அந்தப் பெயர். தொதலைக் கண்டு "தொதல்!" என்று கத்தியே விட்டா. அவர்களுக்கு அது டொடோல். கங்குனைக் கங்குங் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை அம்மா சைவம் என்று அந்தக் கங்குங் வறையைத்தான் கேட்டு வாங்கினா. பாதி முடிந்த பிறகுதான், அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது போட்டிருப்பது தெரிந்தது. அதைப்பற்றி இந்தக் கட்டுரையில் எழுதவேண்டாம் என்று அம்மா சொன்னவ.

பிழை நடந்ததும் அங்கேதான். சந்தை வாசலில் ஒரு சீனப் பாட்டி நிலத்தில் சாக்கு விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்தா. நல்ல வெளிச்சம், பச்சைக் கீரை, சுருக்கம் விழுந்த முகம். எங்களில் ஒருவர் போனைத் தூக்கினோம், யார் என்பது வேண்டாம். பாட்டி ஒரு பிடி கீரையை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தா. கோபம் இல்லை, சத்தம் இல்லை. மழைக்குக் குடை பிடிப்பது மாதிரி. அதற்குள் படம் விழுந்துவிட்டது.

அம்மா எங்களைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு தூணடியில் நிறுத்தினா. ஏசுவா என்று நினைத்தோம். அவ வேறொரு கதை சொன்னா. 2010 அளவில், ஏ9 வீதி திறந்த பிறகு, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கிய காலம். நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். ஷெல் பட்ட சுவருக்கு முன்னால் அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்க, றோட்டில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆட்கள் அவவையும் சுவரையும் சேர்த்துப் படம் எடுத்திருக்கிறார்கள். "சிரிச்சுக்கொண்டுதான் எடுத்தவை. கூடாத சனம் எண்டு சொல்லேல்லை. ஆனா ஒருத்தரும் என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. நான் கையில கிடந்த சேலையால முகத்தை மூடினனான்."

அம்மா இதை எங்களுக்கு முன்பு சொன்னதே இல்லை.

இதற்குப் பிறகும் விடுப்புப் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறோம். அம்மம்மா பார்த்ததற்கும் நாங்கள் பார்த்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. அம்மம்மா பார்க்கும்போது அவவையும் ஊர் பார்க்கிறது. வெள்ளைச் சேலையும் திருநீறுமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவியை, பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நூடில்ஸ்காரர் தலையாட்டினார். அவ ஒரு இடத்தில் இருக்கிறா, அந்த இடத்துக்கு ஒரு கோப்பிக் காசு கொடுத்திருக்கிறா, யாரும் வந்து கதைத்தால் கதைப்பா. போனோடு நடந்து போகிறவரைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

ஜோர்ஜ் டவுனுக்கு இது பழைய தலையிடி. 2008 இல் மலாக்காவோடு சேர்த்து அதை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் போட்டது. கடலுக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் சூ குலத்தவரின் இறங்குதுறைக் குடியிருப்பில் இன்றும் ஆட்கள் சீவிக்கிறார்கள், சமைக்கிறார்கள், சாமி கும்பிடுகிறார்கள். சில வாசல்களில் படம் எடுக்கவேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அறிவித்தலையே சிலர் படம் எடுத்துக்கொண்டு போனதையும் கண்டோம்.

இருந்து பார்த்தால் வேறு சிலதும் தெரியும். கோப்பிக் கடையில் முன்னுக்கு நின்று வறுப்பவர்கள் உள்ளூர்க்காரர். 2016 முதல் பினாங்கில் தெருச்சாப்பாட்டுக் கடைகளில் வெளிநாட்டவர் பிரதான சமையற்காரராக இருக்கக்கூடாது என்று விதி. பின்னுக்கு, பிளாஸ்டிக் தொட்டியில் கையை விட்டுத் தட்டுக் கழுவுகிறவர்கள் பங்களாதேஷ், மியன்மார்ப் பெடியள். எங்கட வயசு. மத்திய கிழக்குக்குப் போன எங்கட ஊர்ப் பெடியளை யாராவது சுற்றுலாக் குடும்பம் இப்படிப் பார்த்திருக்குமோ என்று யோசித்தோம். இது எந்தப் பட்டியலிலும் வராது. முதல் நாள் எங்களுக்கும் தெரியவில்லை, மூன்றாவது நாள் அதே மேசையில் இருந்தபோதுதான் கண்ணில் பட்டது.

கடைசி நாள் நாசி கண்டார் கடை. தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் சோற்றையும் கறியையும் தோளில் காவுதடியின் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு விற்ற சாப்பாடு, பெயரும் அந்தத் தடியால் வந்தது. சோற்றுக்கு மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். இன்னும் கூட வேண்டுமென்றால் "பஞ்சிர்" என்று கேட்கவேண்டும், வெள்ளம் என்று அர்த்தம். கடைக்கார ஐயா எங்களைக் கண்டதும் "பசியாறியாச்சா?" என்றார். அம்மம்மா "ஓம்" என்றா. அந்த ஓமைக் கேட்டதும் அவர், "சிலோனா பாட்டி?" என்று சிரித்தார். அவருடைய தாத்தா கடையநல்லூரிலிருந்து வந்தவராம். அம்மம்மா தன் அப்பாவின் ரயில்வேக் கதையைத் தொடங்க, அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். பின்னால் கியூ நீண்டது. படம் எடுக்கட்டோ என்று கேட்டோம். "எடுங்க, ஆனா பாட்டியோட சேர்த்து எடுங்க" என்றார்.

கீரைக்காரப் பாட்டியிடம் போய் ஏதாவது வாங்குவோம் என்று அன்று காலை சந்தைக்குப் போயிருந்தோம். அவ இல்லை. அந்த இடத்தில் வேறு ஒருவர் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். படத்தை அழித்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்த கிழமை கனடாவிலிருந்து சித்தி வீடியோக் கோல் எடுத்தா. அப்பா காட்டிய படங்களில் முக்கால்வாசி அம்மம்மாவும் மேசையும் கோப்பிக் கோப்பையும். "என்ன அத்தான், மலைக்குப் போகேல்லையோ?" என்று சித்தி கேட்டா.

"போனனாங்கள்," என்றார் அப்பா. "முகில் மூடிக் கிடந்தது."