கண்டனூர்ப் பெட்டகங்களில் இரங்கூன்

கண்டனூர்த் தெருக்களில் நடப்போர் அங்குள்ள வீடுகளின் பெருமையைத் தூண்களின் பருமனால் அளப்பர்; பர்மாத் தேக்கு என்று வியந்துவிட்டு அப்பால் செல்வர். அத்தேக்கு கப்பலேறிய நகரத்தை நாம் எத்துணை அறிவோம்?

1852இல் இரங்கூனைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், சூலே பகோடாவை நடுவாக வைத்து, ஆற்றங்கரையை ஒட்டிக் கட்டம் கட்டமாகத் தெருக்களை வகுத்தனர். அவற்றுள் மொகல் தெரு நம்மவர்க்கு நெருக்கமானது. இன்று அதற்கு ஷ்வே பொந்தா தெரு என்று பெயர். நகரத்தாரின் கிட்டங்கிகள் அங்கேதான் இருந்தன. மேலாளும் அடுத்தாளும் ஒரே கூடத்தில் பெட்டகத்தருகே அமர்ந்து கணக்கெழுதினர். அங்கேயே உண்டு உறங்கினர். அதே தெருவில் சூரத்து வணிகரின் பள்ளிவாசல்; சற்றுத் தொலைவில் தமிழ் முஸ்லிம்களின் சூலியா பள்ளிவாசல். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் 1862இல் கண்மூடியதும் அந்நகரில்தான். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரங்கூன் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

பெருமையை மட்டும் பேசி அமைதல் தகாது. 1930களில் நெல் விலை வீழ்ந்தபோது, கடன்பட்ட உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தோரிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கைக்கு மாறியது. 1938 கலவரத்தின் உடனடிக் காரணம் வேறாயினும், அக்கசப்பும் அதில் கலந்திருந்தது. உயிரிழந்த இந்தியருள் மிகுதியானோரோ முஸ்லிம்கள். (வட்டி யார் வாங்கினார் என்று கேட்டா வெட்டரிவாள் ஓங்கப்படுகிறது?) பின்னர் 1941 டிசம்பர் 23இல் ஜப்பானியர் குண்டுவீச்சு, 1964இல் கடைகள் நாட்டுடைமை. சென்னைப் பர்மா பஜாரில் பொருள் வாங்கும் நம் மாணவருள் எத்தனைபேர் அப்பெயரின் காரணத்தை வினவியிருப்பர்?

இவ்வரலாற்றின் ஒரு பாதி ஆங்கிலேயர் அறிக்கைகளில் உள்ளது. மறுபாதி நம் ஊர்ப் பெட்டகங்களில், பேரேடுகளாகவும் கடிதங்களாகவும் கிடக்கிறது. வீடுகள் இடிபடுகின்றன, கதவுகளும் தூண்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. கதவுக்கு விலையுண்டு. பேரேட்டுக்கு எடைதான். மா, காணி, முந்திரி என்னும் கீழ்வாய்க் கணக்கையும் பழந்தமிழ் எண்களையும் தடையின்றிப் படிக்கவல்ல முதியோர் அருகி வருகின்றனர்.

இது வணிகவியல் துறையின் வேலையன்று, தமிழ்த்துறையின் வேலை என்பதே எம் கருத்து. முதலாண்டு மாணவர்க்குப் பழைய எண்களைப் பயிற்றுவிப்போம். விடுமுறையில் கண்டனூரில் ஐந்து வீடுகளையேனும் அணுகி, உரியவர் இசைவுடன் ஏடுகளைப் படியெடுப்போம். ஜமாஅத் பெரியோர்களும் தத்தம் இல்லங்களில் உள்ள இரங்கூன் கடிதங்களைத் தந்துதவ வேண்டுகிறோம். படியெடுத்ததும் திருப்பித் தந்துவிடுவோம்.