பிழைதிருத்தும் நம்பிக்கை

நெடிய பதிவு. இணையத்தில் தமிழ்த் தரவுகளைத் தொகுத்து வைத்திருப்போரும், அவற்றை ஆய்வில் எடுத்தாள்வோரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

மூன்றாண்டுகளாக ஒரு சிறு இணையத்தளம் நடத்தி வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையில் வினைச்சொற்கள் செயப்படுபொருளை ஏற்கும் முறையைக் காட்டும் எடுத்துக்காட்டுகளின் தொகுப்பு அது. முனைவர் பட்ட ஆய்வுக்காகத் திரட்டிய தரவு பிறருக்கும் பயன்படட்டும் என்று பொதுவில் வைத்தேன். வாரத்திற்கு முப்பது, நாற்பது பேர் வந்து போகிறார்கள். அவர்களுள் பாதிப்பேர் வேறெதையோ தேடி வழி தவறி வந்தவர்கள் என்பதையும் அறிவேன்.

அத்தொகுப்பில் எனக்கு மிகவும் உவப்பான வரி ஒன்று இருந்தது. அதில் ‘தீப்பந்தங்களை எரிந்தனர்’ என்று வந்திருந்தது. ‘எரிந்தது’ என்னும் வடிவம் செயப்படுபொருள் குன்றிய வினை. பொருளொன்றை எரியச் செய்வதைச் சொல்ல ‘எரித்தனர்’ என்றே வரவேண்டும். இங்கோ ‘எரிந்தனர்’ இரண்டாம் வேற்றுமையோடு நிற்கிறது. இருவகை வினைகளுக்கும் இடையிலான வரம்பு அக்கால உரைநடையில் நெகிழ்ந்திருந்ததற்கு இது சான்றாகலாம் என்று கருதி, அந்த ஒரு வரியைச் சுற்றி இரண்டு பக்கம் எழுதினேன். நெறியாளர் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எந்தப் பதிப்பு? எத்தனையாம் பக்கம்?”

நான் மின்பதிப்பு ஒன்றிலிருந்து எடுத்திருந்தேன். அச்சு நூலைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது அங்கே ‘எறிந்தனர்’ என்று இருந்தது. அவர்கள் பந்தங்களை எரிக்கவில்லை, வீசியெறிந்திருக்கிறார்கள். தட்டச்சு செய்தவரின் விரல் றகரத்தை ரகரமாக்கியது. நான் அதை மொழி வரலாறாக்கினேன். இரண்டில் எது பெரிய பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆய்வேட்டிலிருந்து அந்த இரண்டு பக்கங்களை நீக்குவது எளிதாக இருந்தது. தளத்தில்தான் கை தயங்கியது. தரவுப் பட்டியலில் ஒரு வரிசையை ஓசையின்றி அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த வாரத்திலேயே வேறோர் ஊரிலிருந்து முதுகலை மாணவி ஒருவர், அதே எடுத்துக்காட்டைத் தம் ஆய்வேட்டில் என் தளத்தின் பெயரோடு மேற்கோள் காட்டியிருப்பதாக நன்றி தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நான் அழித்துவிட்டால் நாளை அவருடைய தேர்வாளர் வந்து பார்க்கும்போது அந்த வரி இங்கே இராது. இல்லாத சான்றைக் காட்டியவர் என்ற பெயர் அவருக்கு வந்து சேரும். எனக்கு ஒன்றும் நேராது.

பெங்களூரில் இத்தகைய சிக்கலை நண்பர்களிடம் சொன்னால் உடனே ஆலோசனை கிடைக்கும். என் அறைத்தோழர் ஒரு நிறுவனத்தில், தேடுபொறிகளில் முதலிடம் பெறுவதற்கான கட்டுரைகளை எழுதுவிக்கும் பணியில் இருக்கிறார். அவர் சொன்னார்: “உங்கள் தளத்தின்மேல் முதலில் உங்களுக்கு நம்பிக்கை வேண்டும். ‘இங்கே தவறு இருந்தது’ என்று நீங்களே எழுதி ஒட்டினால் எவர் வருவார்? அதை நீக்கிவிட்டு வாரம் மூன்று புதிய பதிவுகள் போடுங்கள்.” அவரை எள்ளி நகையாட நான் இதை எழுதவில்லை. கைவிடப்பட்ட தளங்களின் இடுகாடாகத் தமிழிணையம் இருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தொடர்ந்து உழைக்க நம்பிக்கை வேண்டும் என்று அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எதன்மேல் வைக்கும் நம்பிக்கை என்பதில்தான் எனக்கு மாறுபாடு. இதுவரை செய்தது சரி என்ற நம்பிக்கை ஒன்று; செய்ததைச் சரியாக்க முடியும் என்ற நம்பிக்கை மற்றொன்று. ஒரு தளத்தை நெடுநாள் வாழ வைப்பது இரண்டாவதே.

இதற்குத் தமிழில் நம் கண்முன்னே ஒரு சான்று இருக்கிறது: மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய தன்னார்வ முயற்சி அது. கூகுள் ஒரு நிறுவனமாகப் பதிவாவதற்கு எட்டு மாதங்கள் முந்தைய காலம். தமிழ் விக்கிப்பீடியா பிறக்க இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன. ஊதியமின்றிப் பல நாடுகளிலிருந்தும் தமிழர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்ப, வேறு சிலர் மெய்ப்புப் பார்க்க, திருக்குறளை முதல் எண்ணாகக் கொண்டு அத்தொகுப்பு வளர்ந்தது. இன்று சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டுப் புனைகதை வரை பல நூறு நூல்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

அதன் தொடக்க நாள்களை எண்ணிப் பாருங்கள். தமிழுக்கென ஒருமித்த எழுத்துக் குறியேற்றம் நடைமுறையில் இல்லை. ஆளுக்கோர் எழுத்துரு, ஓர் எழுத்துருவில் அடித்தது மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தெரியும். கல்யாணசுந்தரம் தாமே உருவாக்கிய மயிலை எழுத்துருவும் வேறு சில எழுத்துருக்களும் அன்று பயன்பட்டன. பின்னர் இணையவழித் தமிழர்கள் மின்னஞ்சலில் வாதிட்டு வடித்த திஸ்கி குறியேற்றம் வந்தது. கோப்புகள் அதற்கு மாறின. அதன்பின் ஒருங்குறி பரவியது; மீண்டும் மாறின. தம் தளம் நிறைவுற்றது என்று கருதியிருந்தால் அவர்கள் மயிலையோடு நின்றிருப்பார்கள். அக்கோப்புகளை இன்று படிப்பது நமக்கு எளிதாக இருந்திராது.

மாற்றம் ஒவ்வொன்றும் புதிய பிழைகளையும் கொணரும் என்பதைத் தரவுமொழியியல் பயில்வோர் நன்கறிவர். ‘ஔ’ என்பதை ஒற்றை எழுத்தாகவும் அடிக்கலாம். ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து வைத்தும் காட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று, தேடுநிரலுக்கு வெவ்வேறு. ‘ஸ்ரீ’ இரண்டு வேறு குறிவரிசைகளால் எழுதப்பட்டு ஒரே கோப்பில் உறைவதுண்டு. துணைக்காலும் ரகரமும் மயங்கிய இடங்கள் உண்டு. ஔவையார் பெயர் ஒரு தொகுப்பில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணப் புகுந்த எவரும் இந்தச் சுவரில் முட்டியிருப்பர். இப்பிழைகளைக் களையும் வேலையில் புகழ் இல்லை. ஆயினும் தொகுப்பின் தரம் என்பது இந்த வேலைதான்.

மதுரைத் திட்டத்தில் என்னை மிகவும் ஈர்த்தது கோப்புகளின் முகப்புக் குறிப்பு. நூலைத் தட்டச்சு செய்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்ற நன்றியுரை அதில் இருக்கும். அக்குறிப்பை நீக்காமல் கோப்பை யாரும் தடையின்றிப் பகிரலாம் என்ற இசைவும் இருக்கும். இது வெறும் மரியாதை என்று நெடுங்காலம் கருதியிருந்தேன். இப்போது அது பொறுப்பேற்பின் ஆவணம் என்று தோன்றுகிறது. பிழை கண்டால் கேட்பதற்கு ஒரு பெயர் அங்கே இருக்கிறது.

இம்மரபு இணையம் தந்ததன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது, எந்தெந்த ஏட்டுப் பிரதிகள் யார் யாரிடமிருந்து கிடைத்தன என்று முன்னுரையில் சொன்னார், பாடவேறுபாடுகளைப் பதிந்தார், புதிய ஏடுகள் கிடைத்தபோது மறுபதிப்புகளில் திருத்தினார். புள்ளி இடாமலும், எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடு காட்டாமலும் எழுதப்பட்ட ஓலைகளைப் படித்தவர் அவர். ஐயத்தை ஒளிக்காத பதிப்பாசிரியரைத்தான் நூறாண்டுக்கு மேலாக நாம் நம்பிவருகிறோம்.

நான் வாழும் இந்நகரிலிருந்தே மற்றொரு சான்று. பெங்களூர்க் கன்னட ஆர்வலர்கள் உருவாக்கிய ‘வசன சஞ்சய’ என்னும் தளம், சிவசரணர்களின் வசனங்களைச் சொல் சொல்லாகத் தேடித் தருகிறது. ஒரு சொல்லை இட்டால் அது எந்தெந்த வசனகாரரிடம் எங்கெங்கு வருகிறது என்று காட்டும். கன்னடத் துறையில் பயிலும் என் தோழி அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வசனங்களைப் படிக்கிறார். பெரிய முதலீடு இல்லாமல், மொழியறிஞரும் நிரலாளரும் ஒரே மேசையில் அமர்ந்தால் என்ன கிட்டும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. தமிழிலும் அத்தகைய இணைவுகள் உண்டு; அவை இன்னும் பெருக வேண்டும்.

இனி நம் பக்கம் வருகிறேன். மின்தொகுப்புகளை நடத்துவோரின் தரத்தைப் பற்றிப் பல்கலைக்கழக வட்டாரங்களில் உதட்டைப் பிதுக்குவது வழக்கமாகிவிட்டது. குறைகள் இல்லாமல் இல்லை. பழைய மின்பதிப்புகள் பலவற்றில் எந்த அச்சுப் பதிப்பு மூலம் என்ற செய்தி போதிய அளவு இல்லை. பக்க எண்கள் இல்லை. ஆகவே மேற்கோள் காட்டுவது கடினம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்கும் ‘நூலகம்’ திட்டம் அச்சுப் பக்கங்களையே படிமங்களாக வைப்பதால், அங்கே ஐயம் எழுந்தால் மூலத்தைக் கண்ணால் கண்டு தெளியலாம். தட்டச்சு செய்த பாடமும் பக்கப் படிமமும் அருகருகே இருக்கும் விக்கிமூலத்தின் முறை இரண்டின் நன்மையையும் தருகிறது. எல்லாத் தொகுப்புகளும் அத்திசையில் செல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் நம் நடத்தை என்ன? நாம் மின்பதிப்பில் தேடுகிறோம், மின்பதிப்பிலிருந்து படியெடுக்கிறோம். துணைநூற்பட்டியலில் மட்டும் கையால் தொட்டிராத அச்சுப் பதிப்பின் பெயரை எழுதுகிறோம். வழியில் கண்ட பிழையை நம் கோப்பில் திருத்திக்கொண்டு நகர்கிறோம். தொகுப்பாளர்க்கு ஒரு வரி எழுதுவதில்லை. இருபது ஆய்வாளர்கள் ஒரே பிழையைத் தனித்தனியே திருத்திக்கொள்கிறார்கள். இருபத்தோராமவர் அதில் தடுக்கி விழுகிறார். எறிந்தனரை எரிந்தனராக்கி விழுந்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். எனக்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்த எவரேனும் தெரிவித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். நான் முன்னர்க் கண்டும் தெரிவிக்காமல் விட்ட பிழைகளில் யார் யார் விழுந்தார்களோ, அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

இன்று இதன் விளைவு முன்னைவிடப் பெரிது. தமிழில் பொறிகளுக்கு மொழி கற்பிக்க இணையத்துப் பாடங்களே கருப்பொருள். ஒரு மாணவன் படித்த பிழை ஒரு பக்கத்தோடு போகும்; பொறி படித்த பிழை எங்கெங்கு முளைக்கும் என்று சொல்ல இயலாது. இனிமேல் ஒரு தொகுப்பைத் திருத்துவது அதன் வாசகர்க்கு மட்டுமன்றி, அதைப் படித்துப் பேசப்போகும் கருவிகளுக்கும் ஆற்றும் பணியாகும்.

ஆகவே சக ஆய்வாளர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். மின்பதிப்பைப் பயன்படுத்தினால் மின்பதிப்பையே, பார்த்த நாளோடு, மேற்கோள் காட்டுங்கள். வாதம் ஒரு சொல்லின் வடிவத்தில் தொங்கினால் அச்சுப் பக்கத்தைக் காணாமல் எழுதாதீர்கள். பிழை கண்டால் அன்றே தெரிவியுங்கள். மற்றொன்று, ஆய்வு வழிகாட்டிகளாகிய ஆசிரியர்களுக்கு: ஒரு நூலை மெய்ப்புப் பார்த்துப் பொதுவெளிக்குத் தரும் மாணவரின் உழைப்பைப் பாடவேலையாக ஏற்று மதிப்பெண் தாருங்கள். எவரும் படிக்காத கருத்தரங்கக் கட்டுரையைவிட அது மேலானது.

தளம் நடத்தும் நண்பர்களுக்கும் ஒன்று. வருகையாளர் எண்ணிக்கை குறைவு என்று சோர்வதையும், அதைக் கூட்ட எதையாவது எழுதி நிரப்புவதையும் நான் இரண்டையும் செய்து பார்த்தவன். நாற்பது பேர் வரும் தளத்திலும் ஒருவர் நம் சொல்லை நம்பித் தம் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கக்கூடும். அவர் ஒருவருக்காகவே தளம் சரியாக இருக்க வேண்டும்.

அந்த வரிசையை நான் அழிக்கவில்லை. அதன் மேல் கோடிட்டு, கீழே இவ்வாறு எழுதியிருக்கிறேன்: ‘இது தவறான பாடம். அச்சுப் பதிப்பில் எறிந்தனர் என்றே உள்ளது. மூலத்தோடு ஒப்பிடாமல் சேர்த்தது தொகுப்பாளரின் பிழை.’ நாளும் பக்க எண்ணும் இட்டிருக்கிறேன். மாணவிக்கும் எழுதினேன். ஆய்வேட்டை இன்னும் ஒப்படைக்கவில்லை, திருத்திக்கொள்கிறேன் என்று மறுமொழி வந்தது. அதோடு, என் பட்டியலில் தாம் கண்ட வேறு இரண்டு பிழைகளையும் குறித்து அனுப்பியிருந்தார். அவற்றையும் திருத்தி, அவருடைய இசைவோடு, திருத்தியவர் என அவர் பெயரைத் தளத்தில் சேர்த்திருக்கிறேன்.